ஒரே அணுவைத் தேடிச் செல்லும் ஊசி



கட்டுமாவடியிலிருந்து தவறாமல் காணிக்கை அனுப்பும் ஒரு குடும்பத்தார் இம்முறை ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரே வியாதியஸ்தரின் ஊசி மருந்துக்கு இத்தனை ஆயிரம் செலவிடுவது சரிதானா, அந்தப் பணத்தில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கலாம் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கேட்கவேண்டிய உரிமை உள்ளவர்கள்தான் கேட்டிருக்கிறார்கள். அந்த ஊசி சரீரத்தில் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் பதில் விளங்கும். ஆகவே இம்மாதப் பாடம் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தைப் பற்றியது.

நம் இரத்தத்தின் வெள்ளை அணுக்களில் பி அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. கிருமி உள்ளே வந்தால் அதற்கென்றே பொருந்தும் எதிர்ப்புப் புரதத்தைச் செய்ய ஏற்பட்டவை இவை. இவை அளவின்றிப் பெருகி நெறிகளில் கட்டியாகத் திரண்டால் அது லிம்போமா என்னும் புற்றுநோய். இவையே வழிதவறிச் சொந்த மூட்டையும் தோலையும் தாக்கும் புரதங்களைச் செய்தால் அது முடக்குவாதம், அல்லது வாயிலும் தோலிலும் கொப்புளம் கொப்புளமாக வெடிக்கும் பெம்ஃபிகஸ். புற்றுநோய்க்கும் மூட்டு நோய்க்கும் ஒரே ஊசியா என்று ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. இரண்டிலும் குற்றவாளி பி அணு என்பதுதான் காரணம்.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பழைய புற்றுநோய் மருந்துகள் இழுவை மடி போன்றவை. பெரிய மீன், குஞ்சு, பாசி என்று வேகமாய் வளரும் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் அதனால்தான். ரிட்டுக்ஸிமாப் நண்டு வலை மாதிரி. பி அணுக்களின் மேற்புறத்தில் சி.டி.20 என்ற புரதம் துருத்திக்கொண்டிருக்கிறது. மருந்து அதை மட்டும் பற்றிக்கொள்ளும். பற்றிய அணுவைச் சரீரத்தின் மற்றக் காவல் அணுக்கள் வந்து அழித்துவிடும். நண்டு வலையில் நல்ல நண்டும் சிக்கும் என்பது உண்மை. ஆரோக்கியமான பி அணுக்களும் போய்விடும். ஆனால் எலும்பு மஜ்ஜையிலுள்ள தாய் அணுக்களில் சி.டி.20 கிடையாது. அவை தப்பித்துக்கொண்டு, சில மாதங்களில் புதிய பி அணுக்களைப் பிறப்பித்துவிடுகின்றன.

இப்படிப்பட்ட மருந்துக்கு வழி திறந்தது 1975-இல். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சீசர் மில்ஸ்டைனும் ஜார்ஜ் கோலரும் எலியின் எதிர்ப்பு அணுவை, சாகாமல் பெருகும் ஒரு புற்றணுவோடு இணைத்து, ஒரே வகைப் புரதத்தை முடிவில்லாமல் சுரக்கச் செய்தார்கள். புற்றணுவையே வேலைக்காரனாக்கிப் புற்றுநோய்க்கு மருந்து செய்யும் வழி பிறந்தது! 1984-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த முறைக்குக் காப்புரிமை எடுக்கப்படவேயில்லை. ரிட்டுக்ஸிமாப் 1997-இல் அமெரிக்காவில் லிம்போமாவுக்கும், 2006-இல் முடக்குவாதத்துக்கும் அனுமதி பெற்றது.

பலன் உண்டா? பிரான்சை மையமாகக் கொண்ட ஒரு மருத்துவக் குழு 60 முதல் 80 வயது வரையுள்ள 399 லிம்போமா நோயாளிகளிடம் சோதித்து 2002-இல் வெளியிட்டது. பழைய மருந்துக் கூட்டு மட்டும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 57 பேர். இந்த ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களில் 70 பேர். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

விலைதான் மலை. அந்த மலையைக் கொஞ்சம் குறைத்தது நம் தேசம். 2007-இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் ரெடிடக்ஸ் என்ற பெயரில் இதே மருந்தைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது. பிறகு வேறு இந்தியக் கம்பெனிகளும் செய்யத் தொடங்கின. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் மருத்துவமனையில் 1986-இலேயே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை ஆரம்பமாயிற்று. அங்கேயும் மற்ற ஊர்களிலும் இந்த ஊசி இன்று வழக்கமான சிகிச்சை. ஆனாலும் லிம்போமாவுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக ஆறு அல்லது எட்டுத் தடவை போடவேண்டும். கூலி வேலை செய்யும் வீட்டுக்கு அது இன்னும் பெரும் பாரமே.

மருந்தைக் காப்பதும் ஒரு வேலை. 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கவேண்டும். ஆனால் உறையக் கூடாது. மீனை ஐஸ் பெட்டியில் புதைப்பதுபோல இதைப் புதைத்தால் மருந்து கெட்டுவிடும். ஏற்றும்போதும் அவசரம் ஆகாது. முதல் தடவை மணிக்கு 50 மில்லி கிராம் என்று சொட்டுச் சொட்டாகத் தொடங்கி, குளிர் காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வருகிறதா என்று செவிலியர் பக்கத்திலேயே இருந்து பார்க்கவேண்டும். மஞ்சள் காமாலை பி கிருமி உடம்பில் ஒளிந்திருந்தால் இம்மருந்து அதை எழுப்பிவிடும். அது உயிருக்கே ஆபத்து. அந்த இரத்தப் பரிசோதனை முடியாமல் ஊசியைத் தொடவே கூடாது. தடுப்பூசிகளையும் முன்னதாகவே போட்டுக்கொள்வது நல்லது. பின்னால் போட்டால் சரீரம் சரியாகப் பதில் கொடுக்காது என்பதைக் கொரோனா காலத்தில் எல்லோரும் கண்டார்கள்.

இனி கேள்விக்கு வருவோம். இரத்தப் புற்றுநோய் என்றாலே இந்த ஊசி என்று எண்ணவேண்டாம். சி.டி.20 இல்லாத வகைகளுக்கு இதனால் பயனில்லை. முடக்குவாதத்துக்கு முதலில் கொடுப்பது மெத்தோட்ரெக்ஸேட் என்ற மலிவான மாத்திரை. மாத்திரைகள் கைவிட்ட பிறகே ஊசியைப் பற்றி யோசிக்கலாம். லிம்போமா வேறு விஷயம். அங்கே குணமாக்கும் நோக்கத்தோடேயே போடுகிறோம். நான்கு ஊசியோடு பணம் தீர்ந்து சிகிச்சை நின்றுபோனால் முன்னே செலவழித்ததும் வீணாகலாம். ஆகவே, காப்பீட்டு அட்டை, குடும்பத்தாரின் பங்கு, உங்கள் காணிக்கை எல்லாம் கூட்டி முழுச் சிகிச்சைக்கும் வழி உண்டா என்று பார்த்த பின்பே தொடங்குவது எங்கள் வழக்கம். காய்ச்சல் மருந்துக்கென்று வரும் பணத்தை இதற்கு எடுப்பதில்லை.

கட்டுமாவடி, மணமேல்குடி, மீமிசல் பக்கத்துச் சபையாரிடம் ஒரு வேண்டுகோள். கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத நெறிக்கட்டு பல வாரமாகக் கரையாமல் இருந்தால், இராத்திரியில் உடுப்பு நனையுமளவு வியர்த்து எடையும் குறைந்தால், தாமதிக்காமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். காசநோயும் இதேபோல் தோன்றும். ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது மட்டும் போதாது. பல வேளைகளில் நெறியை எடுத்துச் சோதித்தால்தான் தெளிவாகும். வேறெங்காவது ஏற்கெனவே சதை எடுத்திருந்தால், சீட்டுகளோடு அந்தப் பாரஃபின் மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். அது கையில் இருந்தால் சி.டி.20 பரிசோதனைக்காக மறுபடியும் கத்தி வைக்கவேண்டியிராது.