டெர்மினல் பழுதானால் பேட்டரியை மாற்றத்தான் வேண்டுமா?

பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால், உடனே புதுசு வாங்க ஓட வேண்டாம். நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். அப்படிச் செய்தால், பாசிட்டிவ்வில் ஸ்பேனர் வைக்கும்போது அது பாடியில் பட்டாலும் ஷார்ட் ஆகாது. ஆப்ப சோடா கரைசலால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, பாசிட்டிவ்வை முதலில் மாட்டி இறுக்கினால் போதும். கிளாம்பு வெடித்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் ஈயக் கம்பமே ஆடினாலோ, அதன் அடியில் ஆசிட் கசிந்தாலோ பேட்டரியை மாற்றுவதுதான் சரி. ஈயத்தை உருக்கி ஊற்றினால் காசு மிச்சம்தானே என்று கேட்கலாம். வெளியே ஒட்டிவிடும்; உள்ளே விட்டுப்போன இணைப்பு அதனால் சேராது. அதோடு பேட்டரிக்குள் தங்கும் ஹைட்ரஜன் வாயு ஒரு பொறி பட்டாலே வெடித்து, ஆசிட் கண்ணில் தெறிக்கும். அந்த ஆபத்துக்கு மிச்சமாகும் காசு ஈடே இல்லை. பழைய பேட்டரியைக் கொடுத்தால், ஈயத்துக்கு மதிப்பு இருப்பதால், கடைகளில் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள், கேட்டு வாங்குங்கள்.