வீட்டினுள் வாடும் எலுமிச்சை

நம் நாட்டில் எலுமிச்சை கிணற்றடியிலும் வேலியோரத்திலும் நின்று, வளர்ப்பார் மறந்தாலும் காய்ப்பது. உறைபனி விழும் நாடுகளிலோ அது வீட்டினுள் வைத்துப் போற்றப்படும் விருந்தாளி. தமிழ்ச் சிறப்பு வகுப்பினர் இலக்கணத்தை விட்டு எலுமிச்சைக்கு வந்ததேன் என நண்பர் வினவலாம். ஆரஞ்சு என்னும் மேனாட்டுச் சொல் நாரங்கம் என்னும் வடசொல்வழிச் சென்றதென்பதும், அவ்வடசொல் நம் நாரத்தையோடு உறவுடையதெனச் சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுவதும் யாம் பயின்றவை. சொல்லைத் தொடர்ந்து சென்ற யாம் செடியை வந்தடைந்தோம்.

பிரான்சு தேசத்து வெர்சாய் அரண்மனையில், ஆர்டுவான் மான்சார் என்னும் கட்டடக் கலைஞர் 1684 முதல் 1686 வரை எழுப்பிய தெற்கு நோக்கிய பெருமண்டபம், தொட்டிகளில் வளரும் ஆரஞ்சு மரங்களைக் குளிர்காலத்திற் காப்பதற்கென்றே அமைந்தது. அரசர்க்கு மண்டபம், எளியவர்க்குச் சாளரத்து விளிம்பு. அவ்விளிம்பில் இந்நாளில் மிகுதியாகக் காணப்படுவது மேயர் எலுமிச்சை. அமெரிக்க வேளாண்மைத் துறைக்காகச் செடி தேடிச் சென்ற பிராங்க் மேயர் என்பார், சீனத்தில் பீக்கிங் நகரருகே அழகுக்காகத் தொட்டிகளில் வளர்க்கப்பெற்ற இதனைக் கண்டு, 1908-ஆம் ஆண்டில் தம் நாட்டிற்குக் கொணர்ந்தார்.

இத்தகைய செடி நடுக்குளிர்காலத்தில் திடீரென இலையுதிர்க்கத் தொடங்கும். வீட்டார் அஞ்சி நீரை மிகுதியாக வார்ப்பர், உரம் இடுவர், பெரிய தொட்டிக்கு மாற்றுவர். அன்பினாற் செய்யும் இம்மூன்றுமே செடியைக் கொல்ல வல்லன. நோய் இலையிற் காணப்படினும் அதன் பிறப்பிடம் பெரும்பாலும் வேரேயாம்.

இதனைச் சிறிது விளக்குவோம். மண்ணின் வெப்பம் ஏறக்குறைய 12 அல்லது 13 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கின், எலுமிச்சை வேர் தன் தொழிலைப் பெரிதும் நிறுத்திவிடும். அவ்வேளையிற் சாளரக் கண்ணாடி வழியே வரும் வெயில் இலையைச் சுடும். மேலே இலை நீரை ஆவியாக விட்டுக்கொண்டேயிருக்க, கீழே வேர் நீர் தர மறுக்கின்றது. வரவின்றிச் செலவு மிக்க குடும்பம்போல், செடி தன் இலைகளை உதறிவிடுகின்றது. அந்நிலையில் வார்க்கும் நீர் உறிஞ்சப்படாது தேங்கி, வேரை அழுகச் செய்யும். அழுகிய வேரும் நீர் தரமாட்டாதாகலின் இலை மீண்டும் வாடும். வாட்டங்கண்டு மீண்டும் நீர் வார்க்கப்படும். ஈரமண்ணில் நின்று வாடும் செடிக்குத் தாகமில்லை என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஆதலின் மருந்துக்குமுன் சோதனை. கிளையின் பட்டையை நகத்தாற் சற்றே கீறுக. உள்ளே பச்சையாயின் உயிருண்டு. பின்னர்ச் செடியை மண்ணோடு மெல்ல வெளியே எடுத்து நோக்குக. நல்வேர் வெளிறிய நிறமும் உறுதியும் உடையது. அழுகிய வேர் கருத்து, தொட்டால் மேற்றோல் கழன்று நூல்போன்ற நடுநரம்பு மட்டுமே எஞ்சும். அழுகியவற்றைத் தூய கத்தியால் அறுத்து நீக்கி, எஞ்சிய வேருக்கேற்பக் கிளைகளையும் குறைத்தல் வேண்டும். காய்கள் இருப்பின் அவற்றையும் பறித்துவிடுக; இது பலர்க்கு மனம் வாராத செயல். நீர் எளிதில் வடியும் பருமணல் கலந்த மண்ணில், வேரளவிற்கு மிஞ்சாத, அடியில் துளையுள்ள தொட்டியில் நடுக. பெருந்தொட்டியில் வேர் எட்டாத மண் நெடுநாள் ஈரமாகவே கிடக்கும். ஒருமுறை முழுதும் நீர் வார்த்தபின், மேல்மண் ஓரங்குல ஆழம் உலரும்வரை காத்திருக்க வேண்டும். தொட்டியைக் குளிர்ந்த தரையிலிருந்து உயர்த்திப் பலகைமேல் வைத்தலும் நன்று. புதுத்தளிர் தோன்றுமளவும் உரம் வேண்டா.

தளிர் வந்தபின் அதன் நிறம் பேசும். முதிர்ந்த இலைகள் ஒருசீராக மஞ்சளித்தால் நைட்ரஜன் குறைவு. இளந்தளிர் மஞ்சளித்து நரம்புமட்டும் பச்சையாயின் இரும்புச்சத்து எட்டவில்லை. பின்னதற்குச் சுண்ணாம்பு மிக்க நீரும் காரணமாகலாம். இலையடியில் ஒட்டியிருக்கும் செதிற்பூச்சிகளைச் சவர்க்கார நீர் தோய்ந்த துணியாற் றுடைத்தெடுக்கலாம்.

இங்கே ஓர் ஏமாற்றத்தையும் கூறல் தகும். கடையில் விற்கும் செடிகள் பல ஒட்டுச்செடிகள். மேலொட்டு மாண்டபின், முள்ளும் மூவிதழ் இலையும் உடைய அடிமரம் செழித்துத் தளிர்ப்பதுண்டு. வீட்டார் செடி பிழைத்ததென மகிழ்வர். பிழைத்தது வேறொரு மரம்! ஒட்டுக்குக் கீழே எழும் முளைகளை அவ்வப்போது கிள்ளிவிடின் இந்நிலை நேராது.

வசந்தத்தில் உறைபனி அறவே நீங்கியபின் செடியை வெளியே கொணரலாம். முதல் வாரம் மரநிழலிலும், அடுத்த வாரம் காலை வெயிலிலும் வைத்து, அதன்பின்னரே முழுவெயிலுக்கு விடுக; வீட்டினுள் விரிந்த இலை நேர்வெயிலிற் கருகி வெளுத்துப்போகும்.