பெயர் ஒன்று, மட்டம் இரண்டு: ரெவிட்டில் எல்லாத் துறைக்கும் ஒரே டெம்ப்ளேட்

ரெவிட் மென்பொருளில் கட்டட வரைபடம் தயாரிக்கும் பொறியாளர்களுக்கும், வரைவாளர்களுக்கும், பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் உரிய பாடம் இது. சொந்தமாக வீடோ கடையோ கட்டப் போகிறவர்களும் படிக்கலாம். கடைசிப் பத்தி உங்களுக்குத்தான்.

முதலில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறிய மருத்துவமனைக் கட்டடம். வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் வேண்டும். சரிவு 1-க்கு 12, அதாவது 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம். ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தைப் பார்த்தேன். வெளித்தரைக்கும் தரைத்தளத்துக்கும் 600 மி.மீ. உயரம் என்று இருந்தது. 12-ஆல் பெருக்கி 7,200 மி.மீ. நீளத்துக்கு வரைந்து கொடுத்துவிட்டேன். கான்கிரீட்டும் போட்டாச்சு.

பிறகு உள்ளே டைல்ஸ் வேலை நடந்தது. கலவை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து தரை 75 மி.மீ. ஏறிவிட்டது. சாய்தளம் முடியும் இடத்தில் மூன்று அங்குலத்துக்கு ஒரு தடுப்பு! நாற்காலியில் வரும் நோயாளியை இரண்டு பேர் தூக்கித்தான் உள்ளே வைக்க வேண்டும். 675 மி.மீ. உயரத்துக்கு 8,100 மி.மீ. நீளம் வேண்டும். கூடுதலாக 900 மி.மீ.க்கு வாசலில் இடமில்லை. இடித்து, வேறு பக்கமாகத் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று.

என்ன தப்பு நடந்தது? ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ‘தரைத்தளம்’ என்று குறித்தது கான்கிரீட் மட்டத்தை. ஆர்க்கிடெக்ட் அதே பெயரில் குறித்தது டைல்ஸ் மட்டத்தை. அவரவர் வரைபடம் அவரவருக்குச் சரி. எது எது என்று நானும் கேட்கவில்லை. இந்தக் கேள்வியை வேலை தொடங்கும் முன்பே கேட்க வைப்பதுதான் பொது டெம்ப்ளேட்டின் பயன்.

டெம்ப்ளேட் என்றால் என்ன?

புதுத் திட்டம் ஒவ்வொன்றும் தொடங்கும் தயார்நிலைக் கோப்பு அது. அளவு அலகு, மட்டங்கள், கோட்டுத் தடிமன், தாள் சட்டம், அட்டவணைகள் எல்லாம் அதில் முன்கூட்டியே இருக்கும். சாதாரணத் திட்டக் கோப்பு ஆர்.வி.டி. என்று முடியும், டெம்ப்ளேட் ஆர்.டி.இ. என்று முடியும். ஆர்க்கிடெக்சர், ஸ்ட்ரக்சர், ஏ.சி., எலக்ட்ரிக்கல், பிளம்பிங் என எல்லாத் துறைக்கும் ஒரே தொடக்கக் கோப்பு இருந்தால் அது பல்துறை டெம்ப்ளேட். இனி ஒவ்வொரு படியாகப் பார்ப்போமா?

1. முதலில் பேசுங்கள்

கணினியைத் திறக்கும் முன் எல்லாத் துறையினரும் ஒருமுறை உட்காருங்கள். மட்டங்களின் பெயர், கிரிட் பெயர், தாள் எண் முறை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி முடிவு செய்யுங்கள். கிரிட்டுக்கு ஆங்கில எழுத்து வைத்தால் ‘ஐ’, ‘ஓ’ இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். சைட்டில் அவற்றை 1 என்றும் 0 என்றும் படித்துவிடுவார்கள்.

2. அலகு

விசைப்பலகையில் யு, என் என்று தட்டினால் ‘புராஜெக்ட் யூனிட்ஸ்’ திறக்கும். நீளம் மி.மீ., பரப்பு ச.மீ. என்று வைத்துவிடுங்கள். ஒருவர் அடியிலும் ஒருவர் மீட்டரிலும் வரைபடம் தந்தால் சரிபார்ப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

3. மட்டங்கள்

இதுதான் முக்கியமான படி. ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு மட்டம் போடுங்கள். ‘தரைத்தளம் – முடிவு மட்டம்’ 0. ‘தரைத்தளம் – கான்கிரீட் மட்டம்’ கழித்தல் 75. லெவல் வகையை ‘டூப்ளிகேட்’ செய்து, இரண்டுக்கும் வேறு வேறு நிறம் கொடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு டைமென்ஷன் போட்டு அதைப் பூட்டிவிடுங்கள். ஒன்று நகர்ந்தால் மற்றதும் கூடவே நகரும்.

75 என்பது ஓர் உதாரணம்தான். உங்கள் தரை வேலைக்கு எவ்வளவு கனம் வருமோ அதைப் போடுங்கள். கழிவறையில் ஸ்லாப் இன்னும் கீழே இறங்கும். அதற்காகத் தனி மட்டம் போட வேண்டாம். அந்த ஃப்ளோருக்கு மட்டும் ஆஃப்செட் கொடுத்தால் போதும்.

4. பார்வைகள்

ஒவ்வொரு வியூவுக்கும் ‘டிசிப்ளின்’ என்ற பண்பு உண்டு. அதை ஸ்ட்ரக்சுரல் என்று மாற்றினால், பாரம் தாங்காத சுவர்கள் மறைந்துவிடும். மெக்கானிக்கல் என்று வைத்தால், சுவரும் பீமும் மங்கலாகி, குழாய்களும் டக்டுகளும் எடுப்பாகத் தெரியும். ‘கோஆர்டினேஷன்’ என்று வைத்தால் எல்லாமே தெரியும்.

துறைக்கு ஒரு ‘வியூ டெம்ப்ளேட்’ செய்து வையுங்கள். கூடவே, எல்லாத் துறையும் தெரியும் கோஆர்டினேஷன் செக்‌ஷன் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். டக்டு பீமில் இடிக்கிறதா, சாய்தளம் எந்த மட்டத்தில் முடிகிறது என்பது அதில்தான் தெரியவரும். ‘புராஜெக்ட் பிரௌசர்’ பட்டியலையும் துறைவாரியாகப் பிரித்துவிட்டால் யாரும் தேடி அலைய வேண்டியதில்லை.

5. தாள்களும் அட்டவணைகளும்

ஏ-101 ஆர்க்கிடெக்சர், எஸ்-101 ஸ்ட்ரக்சர், பி-101 பிளம்பிங் என்று எண் கொடுங்கள். எல்லாத் துறைக்கும் தேவைப்படும் தகவல்களை ‘ஷேர்டு பாராமீட்டர்’ ஆக்குங்கள். அந்தக் கோப்பு ஒருவருடைய கணினியில் இல்லாமல் பொது ஃபோல்டரில் இருக்க வேண்டும்.

6. சேமிப்பும் சோதனையும்

தேவையில்லாதவற்றை ‘பர்ஜ்’ செய்துவிட்டு, ‘சேவ் ஆஸ்’ போய் ‘டெம்ப்ளேட்’ என்று சேமியுங்கள். பிறகு அதை வைத்து இரண்டு அறையும் ஒரு சாய்தளமும் கொண்ட சிறு கட்டடம் ஒன்றை வரைந்து பாருங்கள். ஒரு மணி நேர வேலைதான். குறை இருந்தால் அதிலேயே வெளிப்பட்டுவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழைய பதிப்பில் திறக்காது. ஆகவே எல்லோரும் எந்தப் பதிப்பில் வேலை பார்ப்பது என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். அடுத்து, டெம்ப்ளேட்டைப் பின்னால் திருத்தினால், ஏற்கெனவே தொடங்கிய திட்டம் தானாக மாறாது. வியூ டெம்ப்ளேட் போன்ற அமைப்புகளை ‘டிரான்ஸ்ஃபர் புராஜெக்ட் ஸ்டாண்டர்ட்ஸ்’ மூலம் கொண்டு போகலாம்.

பெரிய திட்டம் என்றால்?

அங்கே துறைக்கு ஒரு கோப்பு வைத்து ‘லிங்க்’ செய்வார்கள். அப்போதும் எல்லாக் கோப்பும் ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து பிறந்தால் பெயர்கள் ஒத்துப்போகும். மட்டங்களையும் கிரிட்டுகளையும் ‘காப்பி மானிட்டர்’ செய்துகொண்டால், ஆர்க்கிடெக்ட் ஒரு மட்டத்தை மாற்றும்போது மற்றவர்களுக்கு எச்சரிக்கை வரும். பார்த்து ஏற்பதும் மறுப்பதும் நம் பொறுப்பு.

வீடு கட்டுகிறவர்களுக்கு

உங்களுக்கு மென்பொருள் தெரிய வேண்டியதில்லை. வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன் பொறியாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “சார், இதில் போட்டிருக்கிற மட்டம் கான்கிரீட் மட்டமா, டைல்ஸ் போட்ட பிறகு வரும் மட்டமா?” வாசல் சாய்தளமும் மாடிப்படியின் முதல் படியும் சரியாக அமைவது இந்தப் பதிலில்தான் இருக்கிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைக் கேட்காமல் விடாதீர்கள்.