படபட: அடுக்களை ஓசையும் அகநிலையும்

காய்ந்த எண்ணெயில் இட்ட கடுகு ‘படபட’வென வெடிக்கிறது. விதையினுள் உள்ள ஈரம் சூட்டால் ஆவியாகித் தோலைப் பிளக்கும்போது எழும் ஓசை அது. இவ்வொலிக்குறிப்புச் சொல் இரட்டைக்கிளவியாகும். பிரித்து நோக்கின், ‘பட’ என்பது ‘படு’ என்னும் வினையின் எச்சமாகிவிடும். வெடியோசை அதில் இல்லை. இரட்டைக்கிளவி பிரிந்து பொருள் தராது என்னும் தொல்காப்பிய விதிக்கு இது நல்ல சான்று.

பேச்சு வழக்கோ இவ்வோசையை அடுக்களையோடு நிறுத்திவிடவில்லை. ‘படபடவெனப் பேசினாள்’ என்பது விரைவைக் குறிக்கும். ‘படபடவெனப் பொரிந்து தள்ளினார்’ என்றால் சினம். (பொரிதலும் வாணலிக்குரிய தொழில்தானே!) ஒற்றைக் கடுகு வெடித்தாற்போலப் ‘பட்டென்று சொல்லிவிட்டான்’ என்பதில் தயக்கமின்மை தோன்றும்.

செவிக்குரிய ஓசை உடலுக்குள் புகுந்ததே இச்சொல்லின் வளர்ச்சியில் வியப்பிற்குரியது. தேர்வறை வாயிலில் நிற்கும் மாணவரின் நெஞ்சு ‘படபடக்கிறது’. அருகில் நிற்பவருக்கு ஓர் ஓசையும் கேட்பதில்லை. ‘படபடப்பாக வருகிறது’ என்று முதியவர் ஒருவர் கூறினால், அது மனக்கலக்கமா, இதயத்துடிப்பின் மாற்றமா என்பதை மருத்துவர் மேலும் வினவியே தெளிய வேண்டும். ‘அவர் படபடத்தார்’ என்னும் தொடரும் அத்தகையதே. சினத்தாலா அச்சத்தாலா என்பதை முன்பின் உள்ள தொடர்களே காட்டும்.