பாரவண்டிக்கு ஏற்றத் தகுந்த சுமை

வண்டிக்காரரை வினவினால் தம் வண்டி முப்பது மூட்டை தாங்கும் என்பார். இருசு முறியாமல் நின்றதொன்றையே ஆதாரமாகக் கொண்டு அவர் அவ்வாறு சொல்லுகிறார். வண்டி தாங்குவது வேறு, மாடு இழுப்பது வேறு, மாட்டின் கழுத்துப் பொறுப்பது வேறு. இம்மூன்றில் எது குறைவோ அதுவே ஏற்றத் தகுந்த சுமையாகும். சங்கக் கிடங்கிலிருந்து உரமும், களத்திலிருந்து நெல்லும் கொண்டுசெல்லும் அங்கத்தினர்கள், விசேஷமாய்ச் சங்கக் கடனில் மாடு வாங்கியவர்கள், இக்கணக்கை அறிந்திருத்தல் அவசியம். கழுத்துப் புண்பட்ட மாடு ஏருக்கும் உதவாது, வண்டிக்கும் உதவாது. கடன் தவணையோ அப்புண் ஆறும்வரை காத்திராது.

1960-ம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965-ல் செய்யப்பட்ட விதிகள் இவ்விஷயத்தில் அளவு குறித்திருக்கின்றன. 200 கிலோவுக்கு மேல் 350 கிலோ வரை எடையுள்ள நடுத்தர மாடொன்றுக்கு, காற்றடைத்த டயர் இல்லாத இருசக்கர வண்டியில் 700 கிலோவும், டயர் வண்டியில் 1,050 கிலோவும் உச்ச அளவு. ஜோடி மாடு பூட்டினால் அது இரட்டிப்பாகும். இதில் பலரும் கவனியாது விடுவது யாதெனில், இவ்வளவு வண்டியின் சொந்த எடையையும் சேர்த்ததென்பதே.

கட்டை வண்டியொன்று வெறுமையாய் 350 கிலோ நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஜோடிக்குரிய 1,400 கிலோவில் அதைக் கழித்தால் மீதி 1,050. ஓட்டுபவர் 60 கிலோ, மாட்டுத் தீவனமும் கயிறும் சாக்கும் 30 கிலோ என்று அவற்றையும் கழித்துவிடுவதே விவேகம். நிற்பது 960 கிலோ. இதில் 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 19 அடங்கும். 45 கிலோ யூரியா மூட்டையானால் 21. 75 கிலோ நெல் மூட்டையானால் 12. முப்பது மூட்டை டி.ஏ.பி. ஏற்றுபவர் மாட்டின் மீது 540 கிலோ அதிகம் சுமத்துகிறார். வெற்று வண்டியின் எடையை ஊகிக்க வேண்டுவதில்லை. எடைமேடையில் ஒருமுறை நிறுத்தினால் தெரிந்துவிடும். எருவை மட்டும் 'ஒரு வண்டி' என்று கணக்கிடும் வழக்கம் சரியன்று. காய்ந்த எருவும் மழையில் நனைந்த எருவும் கண்ணுக்கு ஒரே குவியல், மாட்டுக்கு அப்படியல்ல.

மேட்டுப்பாதை வந்தால் கணக்கு மாறும். மாடு நாள் முழுதும் சோர்வின்றி இழுக்கும் பலம் ஏறக்குறைய அதன் உடல் எடையில் பத்திலொரு பங்கு. 300 கிலோ மாடுகள் இரண்டு சேர்ந்து 60 கிலோ பலத்தால் இழுக்கலாம். பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் 1,400 கிலோ பாரம், உராய்வு நீங்கலாகவே, 140 கிலோ பலம் கேட்கிறது. சிறிது தூரம் மாடு மூச்சைப் பிடித்து இழுத்துவிடும். தூரம் நீண்டால் முழங்கால் மடிந்துவிடும். 30 மீட்டருக்கு 3 மீட்டருக்கு அதிகமாய் உயரும் ஏற்றம் 1 கிலோமீட்டருக்குக் குறையாமல் இருக்கும் வழியில் சுமையைப் பாதியாக்க வேண்டுமென்று விதி சொல்வதன் நியாயம் இதுவே.

எடை சரியாயிருந்தும் ஏற்றிய விதம் பிழையானால் கழுத்து புண்ணாகும். நுகம் இருசிலிருந்து 3 மீட்டர் தூரத்திலிருக்க, 1,000 கிலோ சரக்கின் மையம் இருசுக்கு 15 சென்டிமீட்டர் முன்னே அமைந்தால் நுகத்தில் 50 கிலோ அழுத்தும். ஒரு நெல் மூட்டையை 1 மீட்டர் பின்னே நகர்த்தினால் அதில் 25 கிலோ குறையும். அதிகமாய்ப் பின்னே தள்ளினாலோ ஏர்க்கால் மேலெழும்பி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். உயரமாய் அடுக்கிய வைக்கோல் பாரம் இறக்கத்தில் முன்னும் ஏற்றத்தில் பின்னும் சாய்வதால் இரண்டு தொல்லைகளையும் ஒரே பிரயாணத்தில் விளைவிக்கும்.

நடைக்கு இவ்வளவென்று கூலி பேசினால் சரக்குடையவர் அதிகம் ஏற்றச் சொல்லுகிறார். மூட்டைக்கு இவ்வளவென்று பேசினால் வண்டிக்காரரே அதிகம் ஏற்றுகிறார். ஆதலால் கூலி முறையை மாற்றுவதில் பயனில்லை. கிடங்கில் சரக்கு எடுக்கும் வண்டிகளின் பக்கப் பலகையில் வெற்றெடை, ஏற்றத் தகும் எடை ஆகிய இரண்டு எண்களையும் எழுதச் செய்து, அதற்கு மேல் சரக்குக் கொடுக்கலாகாதென்று பஞ்சாயத்தார் தீர்மானிப்பதே தக்கது. டிராக்டர் டிரெய்லருக்கு இவ்விரு எண்களும் பதிவுச் சான்றிலேயே இருக்கின்றன.

நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், இளைப்பாறுதலின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் மாட்டைப் பூட்டலாகாது. வெப்பம் 37 பாகை தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. பூட்டுமுன் ஏர்க்கால் நுனியை ஒருவர் கையால் தூக்கிப் பார்க்கட்டும். இருவர் வேண்டியிருந்தால் முன்பாரம். தானே எழும்பினால் பின்பாரம். அவிழ்த்தவுடன் நுகம் பட்ட இடத்தைத் தடவி, தோல் தடித்தோ சூடாகவோ இருந்தால் மறுநாள் அம்மாட்டைக் கொட்டகையிலேயே நிறுத்த வேண்டும்.