பணிச்சோர்வும் பணிநேரமும்: பெருந்தொற்றுக் காலத் தில்லி மருத்துவமனைகள்

ஒரு மருத்துவமனையின் திறனை மதிப்பிடும்போது படுக்கைகள், ஆக்சிஜன் கொள்ளளவு, சுவாசக் கருவிகள் ஆகியன கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவற்றை இயக்குவோரின் களைப்பு எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பரவிய கோவிட் பெருந்தொற்று இக்குறையைத் தலைநகர் தில்லியில் தெளிவாக வெளிக்கொணர்ந்தது.

பணிச்சோர்வு என்னும் கருத்து புதியதன்று. அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், இலவச மருத்துவ நிலைய ஊழியரிடம் கண்டதைக் கொண்டு 1974-லேயே இதுபற்றி எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் இதற்கு மூன்று அடையாளங்கள் கூறப்பட்டுள்ளன: ஆற்றல் வற்றிப்போதல், பணியின்மீது வெறுப்பும் விலகலும் தோன்றுதல், செயல்திறன் குன்றுதல். ஆயினும் அந்நிறுவனம் இதனை நோய் எனக் கொள்ளவில்லை. பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே குறிக்கிறது. எனவே, இதற்கான பரிகாரத்தைப் பணியாளரின் மனத்தில் மட்டும் தேடுவது போதாது. பணிமுறைப் பட்டியலிலும் ஊதியப் பதிவேட்டிலும் தேட வேண்டும்.

2020 கோடையில் பாதுகாப்புக் கவச உடை அணிந்து பணியாற்றிய செவிலியர், அதனைக் களையும் வரை நீர் அருந்தவோ கழிப்பறை செல்லவோ இயலாத நிலையில் இருந்தனர். கவச உடையுடன் கூடிய பணி நான்கு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகச் செவிலியர் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கோரினர்.

ஊதியமும் தடைப்பட்டது. அப்போதைய வடதில்லி மாநகராட்சியின் இந்து ராவ் மருத்துவமனையில் மருத்துவர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வழங்கப்படவில்லை. மாநகராட்சிக்கும் தில்லி அரசுக்கும் இடையிலான நிதிப் பூசல் இதன் பின்னணியாகும். சம்பளத்தை உரிய காலத்தில் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் ஜூன் மாதமே பணித்திருந்தும், அக்டோபரில் மருத்துவர்கள் வேலைநிறுத்தத்திலும் உண்ணாவிரதத்திலும் இறங்கினர். அங்கிருந்த கோவிட் நோயாளிகள் பிற மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர்.

2021 ஏப்ரல் 20 அன்று தில்லியில் ஒரே நாளில் 28,395 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. படுக்கையும் ஆக்சிஜனும் கிடைக்காத நாட்களில் யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்னும் முடிவு பெரும்பாலும் இளம் மருத்துவர்களிடமே வந்து சேர்ந்தது. இரண்டாம் அலையில் நாடெங்கும் சுமார் 800 மருத்துவர்கள் உயிரிழந்ததாக இந்திய மருத்துவச் சங்கம் தெரிவித்தது. அவர்களுள் மிகுதியானோர், 128 பேர், தில்லியைச் சேர்ந்தவர்கள்.

அலை ஓய்ந்த பின்னரும் சுமை குறையவில்லை. காரணம் நிர்வாகத்தைச் சார்ந்தது. முதுநிலை மருத்துவ நுழைவுத் தேர்வு ஏப்ரலிலிருந்து தள்ளிவைக்கப்பட்டுச் செப்டம்பர் 11 அன்று நடைபெற்றது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான இடஒதுக்கீட்டு வழக்கினால் மாணவர் சேர்க்கைக் கலந்தாய்வு 2022 ஜனவரி 12 வரை தொடங்கவில்லை. இறுதியாண்டினர் தேர்வு முடித்து வெளியேறினர். முதலாண்டினர் வந்து சேரவில்லை. மூன்று அணிகளின் வேலையை இரண்டு அணிகள் செய்தன.

ஓர் எளிய கணக்கைக் காண்போம். ஆண்டுக்கு நால்வர் வீதம் 12 உறைவிட மருத்துவர்களைக் கொண்ட ஒரு பிரிவில் ஒவ்வொருவரும் வாரத்துக்கு 48 மணி நேரம் பணிபுரிந்தால் கிடைப்பது 576 மணி நேரம். நால்வர் இல்லாவிடில் அதே வேலைக்கு எஞ்சிய எண்மரும் 72 மணி நேரம் உழைக்க வேண்டும். 48 மணி என்பதே ஏட்டளவுக் கணக்கு என்பதை மருத்துவமனைகளை அறிந்தோர் அறிவர். 2021 டிசம்பரில் சப்தர்ஜங், ராம் மனோகர் லோகியா முதலிய மருத்துவமனைகளின் உறைவிட மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் கேட்டது ஊதிய உயர்வன்று. புதிய அணி விரைந்து வர வேண்டும் என்பதே.

அரசு வாளாவிருக்கவில்லை. சுகாதாரப் பணியாளர் உயிரிழப்புக்கு ரூ.50 இலட்சம் காப்பீடு 2020 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. அவர்களைத் தாக்குவோருக்கு ஐந்தாண்டு வரையிலும், கொடுங்காயம் விளைவிப்போருக்கு ஏழாண்டு வரையிலும் சிறைத்தண்டனை விதிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தொலைபேசி வழி மனநல ஆலோசனையைத் தொடங்கியது. 2022 அக்டோபரில் டெலி-மானஸ் சேவை நாடு முழுமைக்கும் வந்தது. இவை யாவும் தேவையானவையே. எனினும் காப்பீடு இறப்புக்குரியது. ஆலோசனையோ, தொலைபேசியை எடுக்க ஓய்வு உள்ளவருக்குரியது. இரவும் பகலும் பணியாற்றித் திரும்புபவர் முதலில் நாடுவது உறக்கத்தையே.

இளநிலை உறைவிட மருத்துவர் சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேரமும், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மிகாமலும் பணியாற்ற வேண்டும் என மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு ஆணை கூறுகிறது. மருத்துவ மாணவர் மனநலம் குறித்துத் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு, 2024-இல் அளித்த அறிக்கையில் வாரத்துக்கு 74 மணி நேரத்தை உச்சவரம்பாகப் பரிந்துரைத்தது. ஓர் அணி முழுவதும் இல்லாத நெருக்கடியில் மேற்கண்ட கணக்கு தந்த 72 மணி நேரத்தையும் இவ்வரம்பு விஞ்சிவிடுகிறது.