சிறையில் தொடங்கிய சட்டக் கல்வி: துர்க்காபாய் அம்மையார்

அநீதியுள்ள நியாயாதிபதியின் உவமையை நம் கலாசாலை மாணவர் அறியாதார் இலர். கடவுளச்சமும் மக்கள்பால் மதிப்பும் சிறிதும் இல்லாத நீதிபதி ஒருவனின் வாயிலில் ஏழைக் கைம்பெண்ணொருத்தி பல நாளும் வந்து நின்று முறையிட்டாள். அவளுடைய நச்சரிப்பைப் பொறுக்க மாட்டாமல் இறுதியில் அவன் அவளுக்கு நியாயம் செய்தான். இடைவிடாத ஜெபத்தின் பயனை உணர்த்தவே இவ்வுவமை கூறப்பட்டது என்பது உண்மையே. ஆயினும் நாம் கவனியாது கடந்துவிடும் செய்தியொன்று அதன்கண் உண்டு. அக்கைம்பெண்ணின் பொருட்டுப் பேச ஒருவரும் இலர். வழக்கு எவ்வாறு நடைபெறும், தன் உரிமை யாது, யாரிடம் முறையிடுவது என்று அவளுக்கு எடுத்துச் சொல்லுவார் இலர். சட்டமறிந்த ஒருவர் அவள் பக்கத்தில் நின்றிருப்பாராயின், அவள் நடந்த நடையில் எத்துணை குறைந்திருக்கும்!

அவ்வாறு பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகவே சட்டம் பயின்ற பெண்மணி ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவரே துர்க்காபாய் அம்மையார். பிறப்பால் ஆந்திர நாட்டினராயினும், அவர் சிறையிருந்ததும், சட்டம் கற்றதும், வழக்காடியதும், ஒரு மாதர் ஸ்தாபனத்தை நிறுவியதும் தமிழ் மண்ணிலேயே ஆகும்.

அவர் காலத்துக்குச் சற்று முன்வரை, நம் தேசத்து நியாயஸ்தலங்களின் கதவு பெண்களுக்கு அடைபட்டே இருந்தது. 1916-ஆம் ஆண்டில் ரெஜினா குஹா என்பார் வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள விண்ணப்பித்தபோது கல்கத்தா ஹைகோர்ட்டு இசையவில்லை. 1921-இல் சுதான்சுபாலா ஹாஸ்ரா என்பாருக்குப் பாட்னா ஹைகோர்ட்டும் அதே விடையைத் தந்தது. இருவரும் சட்டத்தில் பட்டம் பெற்றவர்கள். அவர்கள் கல்வியில் குறை காண்பார் இலர். சட்டம் ‘ஆட்கள்’ என்று கூறுவது ஆடவரை மட்டுமே குறிக்குமென்று பொருள் கொண்டதே தடையாயிற்று. 1923-ஆம் ஆண்டில், பெண் என்னும் காரணத்தால் எவரையும் வக்கீல் தொழிலினின்று விலக்கலாகாது என்று தனிச் சட்டமே இயற்றவேண்டி வந்தது. அதன் பின்னரே கதவு திறந்தது. திறந்த கதவின் வழியே புகுந்தவர்கள் அவ்வறிவை யாருக்குப் பயன்படுத்தினார்கள் என்பதே நாம் ஆராயத்தக்கது.

துர்க்காபாய் 1909-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் ராஜமுந்திரியில் பிறந்தார். அக்கால வழக்கப்படி எட்டு வயதிலேயே அவருக்கு மணம் முடித்துவிட்டனர். தமக்கு நடந்தது இன்னதென்று அறியும் பருவம் வந்ததும், அம்மணவாழ்வை ஏற்க அவர் மறுத்தார்; கணவர் வேறு மணம் செய்துகொள்ளவும் உடன்பட்டார். பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி இங்ஙனம் உறுதியாய் மறுப்பது அந்நாளில் அரிதினும் அரிது. பெண்ணுக்குக் குறைந்தபட்ச மணவயது பதினான்கு என்று வரையறுத்த சாரதா சட்டமே 1929-இல்தான் நிறைவேறியது என்பதை நினைந்தால், அம்மறுப்பின் அருமை விளங்கும். சட்டத்தின் துணை இல்லாதபோதே தமக்குத் தாமே வழக்காடி வென்றவர் அவர் எனலாம்.

பொதுவாழ்விலும் அவர் இளமையிலேயே இறங்கினார். 1921-இல் காந்தியடிகள் காக்கிநாடாவுக்கு வந்தபோது, தேவதாசிக் குலத்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் அவரைக் காணவேண்டுமென்று பாடுபட்டு ஏற்பாடு செய்தவர் பன்னிரண்டு வயதும் நிரம்பாத இச்சிறுமியே. யாவரும் ஒதுக்கி வைத்த பெண்களையே முதலில் நினைந்த அவ்வுள்ளம் பின்னர் என்றும் மாறவில்லை. 1923-இல் அதே நகரில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, கதர்க் கண்காட்சியின் வாயிலில் தொண்டராக நின்ற அவர், சீட்டில்லாமல் வந்த ஜவாஹர்லால் நேருவையே உள்ளே விட மறுத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. சட்டம் என்பது எவருக்கும் ஒன்றே என்னும் பாடத்தை அவர் கலாசாலைக்குச் செல்லுமுன்னரே கற்றிருந்தார்.

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. சென்னையில் அதனை முன்னின்று நடத்தியவர்களுள் துர்க்காபாயும் ஒருவர். அரசாங்கம் அவரைச் சிறைப்படுத்தியது. 1930 முதல் 1933 வரை மும்முறை அவர் சிறை புகுந்தார். வேலூரிலும் மதுரையிலும் காவலில் இருந்தார். மதுரையில் நெடுங்காலம் தனிச்சிறையில் வைக்கப்பட்டதால் அவர் உடல்நலம் பெரிதும் குன்றியது.

ஆயினும் அவர் வாழ்வைத் திருப்பியது அவருடைய துன்பம் அன்று. உடனிருந்த பிற பெண்களின் துன்பமே. அவர் தாமே விரும்பிச் சிறை புகுந்தவர், காரணத்தை அறிந்தவர், விடுதலையானால் மாலையிட்டு வரவேற்க ஆட்கள் உண்டு. அங்கிருந்த மற்றப் பெண்களோ பலவகைக் குற்றங்களின்பேரில் தண்டனை அடைந்த ஏழைகள். எழுத்தறியார், தம்மீது சாட்டப்பட்ட குற்றத்துக்கு எவ்வாறு மறுப்புக் கூறுவது என்பதும் அறியார். நியாயஸ்தலத்தில் என்ன பேசப்பட்டது என்பது விளங்காமலே தண்டனை ஏற்றவர்களும் அவர்களுள் இருந்தனர். தேச விடுதலை கிடைத்தாலும் இப்பெண்களின் சிறைக்கதவு தானே திறவாது என்பதை அவர் அங்கே கண்டார். விடுதலையானதும் சட்டம் பயிலவேண்டும், பயின்று இத்தகையோருக்கு உதவவேண்டும் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் வேரூன்றியது.

இதனை மாணவர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். வக்கீல்களாக இருந்து அரசியலில் புகுந்தவர் பலர். துர்க்காபாயின் வழி நேர்மாறானது. அரசை எதிர்த்து முதலில் சிறைக்குச் சென்றார். சிறையினின்று கலாசாலைக்குச் சென்றார். அங்கிருந்து நியாயஸ்தலத்தின் படியேறினார். பட்டம் பெற்றபின் அதனை எதற்குப் பயன்படுத்துவது என்று தேடுவாருள் நாமும் உளோம். அவரோ பயனை முன்னே கண்டு, பட்டத்தைப் பின்னே தேடினார்.

அத்தேட்டம் எளிதாக இருக்கவில்லை. முறையான பள்ளிப்படிப்பு இடையில் முறிந்திருந்தது. இருபது வயதைக் கடந்தபின் புத்தகத்தைக் கையிலெடுத்து, காசி ஹிந்து சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சைக்குப் படித்துத் தேறினார். பின்னர் ஆந்திர சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, சென்னையில் சட்டம் பயின்று, 1942-இல் பட்டம் பெற்று வக்கீலாயினார். தாம் ஏறிய ஏணியைப் பிறருக்கும் சாத்தி வைத்தது அவர் சிறப்பு. 1937-இல் சென்னையில் அவர் நிறுவிய ஆந்திர மகிள சபை, படிப்பை இடையில் விட்ட பெண்களையும் கைம்பெண்களையும் கூட்டி அதே மெட்ரிகுலேஷன் பரீட்சைக்குப் பயிற்றியது. பின்னர் மருத்துவ நிலையம், தொழிற்பயிற்சி, ஆசிரியைப் பயிற்சி எனப் பல கிளைகளாய் அது வளர்ந்தது.

1946-இல் சென்னை மாகாணத்தினின்று அரசியல் நிர்ணய சபைக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அச்சபையின் பெண் உறுப்பினர் பதினைவரே. அவருள்ளும், சபைத்தலைவர் இல்லாதபோது தலைமை தாங்கற்குரியோர் குழுவில் இடம்பெற்ற ஒரே பெண்மணி துர்க்காபாயே. ராஜ்ய சபை உறுப்பினராவதற்கு முப்பத்தைந்து வயது நிரம்பவேண்டும் என்று இருந்த விதியை முப்பதாகக் குறைக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றியவரும் அவரே. ஹிந்து சட்டத் தொகுப்பு மசோதா விவாதத்துக்கு வந்தபோது, பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று வாதாடினார். எதிர்ப்பு மிகுந்தமையால் அம்மசோதா 1951-இல் கைவிடப்பட்டது. பின்னர்ப் பகுதி பகுதியாக 1955-லும் 1956-லும் சட்டமாயிற்று.

1952-ஆம் ஆண்டு முதற் பொதுத்தேர்தலில் அவர் தோல்வியுற்றார் என்பதையும் மறைத்தல் தகாது. நாட்டின் அரசியலமைப்பை வகுத்தவர்களுள் ஒருவரை வாக்காளர் திருப்பியனுப்பினர். அதனால் அவர் பணி நின்றதோ எனின், இல்லை. திட்டக்கமிஷனில் அமர்ந்தார், 1953-இல் அமைந்த மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார், பெண்கல்வி பற்றி ஆராய 1958-இல் நியமிக்கப்பட்ட தேசியக் குழுவுக்கும் தலைமை வகித்தார். அவர் சீன தேசத்துக்குச் சென்றபோது, குடும்பப் பூசல்களைத் தீர்ப்பதற்கென்றே தனிக்கோர்ட்டுகள் இயங்குவதைக் கண்டார். இங்கும் அவ்வாறு வேண்டுமென்று நீதிபதிகளோடும் பிரதம மந்திரியோடும் பேசினார். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-இல்தான் நிறைவேறியது. அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1981-இல், அவர் காலமாகிவிட்டார். விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை.

இவ்வழியில் செல்பவர்க்கு நேரும் இடர் எத்தகையது என்பதற்கு அயல்நாட்டு உதாரணம் ஒன்று காட்டுவோம். ஸிரியா தேசத்தில் 1977-இல் பிறந்த ரஸான் ஸைத்தூனா என்னும் பெண்மணி, வக்கீலானது முதல் அரசியற் கைதிகளுக்காக வாதாடி வந்தார். 2011-இல் அங்கே கிளர்ச்சி எழுந்தபோது, கொல்லப்பட்டோர், காணாமற்போனோர் பெயர்களை ஒன்றுவிடாது பதிவு செய்யும் நிலையமொன்றை நிறுவினார். அரசினர் தேடியதால் தலைமறைவாக வாழ்ந்தார். 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், கிளர்ச்சிக்காரர் வசமிருந்த தூமா நகரில், ஆயுதம் தாங்கியோர் அவரையும் அவர் கணவரையும் உடனிருந்த இருவரையும் கடத்திச் சென்றனர். அதன்பின் அவர்களைக் கண்டார் இலர். அரசனைய அதிகாரத்தையும், அதனை எதிர்த்த படையினரையும் ஒரே அளவுகோலால் அளந்தமையால், இருசாராருக்கும் அவர் வேண்டாதவரானார். வாயிலில் நின்று சீட்டுக் கேட்கும் தொண்டர்க்கு எல்லா நாட்டிலும் மாலை கிடைப்பதில்லை.

தொலைநாட்டைச் சொல்லி அண்மையைச் சொல்லாது விடலாகாது. எம்மூர் தீர்த்தமலை. இராமர் அம்பெய்து வருவித்ததாகச் சொல்லப்படும் தீர்த்தத்தில் நீராட வருவோர் அரூர் வழியாகவே வருவர். அந்த அரூரை அடுத்து, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ளது வாச்சாத்தி என்னும் மலைவாழ் மக்களின் சிற்றூர். சந்தனக்கட்டையைத் தேடுவதாகக் கூறி, 1992-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆகிய மூன்றையும் சேர்ந்தோர் அவ்வூருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. பதினெட்டுப் பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர். கொடுமைக்கு ஆளான பெண்களே குழந்தைகளோடு சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர். அதிகாரத்தில் இருந்தோர் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றே முதலில் சாதித்தனர்.

மலைவாழ் மக்கள் சங்கத்தாரும், மாதர் சங்கத்தாரும், அந்நாள் எதிர்க்கட்சியாளரும், வக்கீல்களும் அப்பெண்கள் பக்கத்தில் நின்றனர். ஹைகோர்ட்டின் உத்தரவால் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணையை ஏற்றது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள், தருமபுரிக் கோர்ட்டு 269 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. அவருள் 54 பேர் அதற்குள் இறந்துபோயினர். சரியாகப் பன்னிரண்டாண்டு கழித்து, 2023-ஆம் ஆண்டு அதே நாளில், சென்னை ஹைகோர்ட்டு அத்தீர்ப்பை உறுதிப்படுத்தியது. உவமையில் வந்த கைம்பெண் எத்தனை நாள் நடந்தாள் என்று கூறப்படவில்லை. வாச்சாத்திப் பெண்கள் நடந்தது முப்பத்தொரு ஆண்டுகள். விடாமுயற்சி அவர்களுடையது. ஆனால் பக்கத்தில் நின்றோர் இல்லாதிருப்பின், அம்முயற்சி கோர்ட்டு வாயிலை எட்டியிருக்குமா என்பதை மாணவர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

மதுரைச் சிறையில் துர்க்காபாய் கண்ட பெண்களுக்குக் கிடையாத துணை இன்று சட்டத்திலேயே உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண் எவரும், வருமானம் எவ்வளவாயினும், கட்டணமின்றி வக்கீலின் உதவி பெறலாம். குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கும், காவலில் இருப்போருக்கும் அவ்வாறே. இதற்கான ஆணையம் ஜில்லாதோறும் இயங்குகின்றது. பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிரம்புமுன் மணம் முடித்தல் குற்றம் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. எனினும் மலையடிவாரத்துக் குடிசையில் இருக்கும் ஒரு தாய்க்கு இவை தெரியாதவரை, ஏட்டில் இருந்தும் இல்லாதனவே ஆகும்.

விடுமுறையில் நம்மில் பலர் ஊர் திரும்புவோம். கலாசாலையில் படிக்கும் பிள்ளை வந்திருக்கிறான் என்று அண்டை வீட்டார் கடிதம் படித்துக் காட்டவும் மனு எழுதித் தரவும் கேட்பர். அதனை வேலைக் குறுக்கீடாக நினையாது, உரிய சட்டத்தையும் உரிய அலுவலகத்தையும் அவர்களுக்குச் சொல்லி, வேண்டின் உடன் சென்று வருதல் நம் கடமை. வக்கீலாகும் வாய்ப்பு எல்லோர்க்கும் இல்லை. வழக்கு மன்றத்தின் வாயில் வரை ஒருவரோடு நடந்து செல்லும் வாய்ப்பு எல்லோர்க்கும் உண்டு.